மண் என்று எழுதிய சரக்கு

காசாபிளாங்கா துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது தரகர் முஃபத்தலின் அலுவலகம். ஊரார் சரக்குக்குச் சுங்கத் தாள் நிரப்பிக் கொடுத்தே மூன்று மாடி கட்டிய மனுஷர். புதினாத் தேநீரை அவர் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது இத்தோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

இத்தோ, உள்நாட்டு மலையடிவாரத்து மிஸூர் ஊர்ப் பக்கத்துக்காரி. அங்கே குழிகளில் கஸ்ஸூல் வெட்டி, காயவைத்து விற்கிறவள். குளியல் வீடுகளில் பெண்கள் தலைக்குத் தேய்க்கிற அந்தக் களிமண்ணை முதல் தடவையாக ஒரு கண்டெய்னர் நிறைய ஹாம்பர்க்குக்கு அனுப்புகிறாள். நான்கு மணிக்குள் அது துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும். இந்தக் கப்பலில் வராவிட்டால் சரக்கே வேண்டாம் என்று வாங்குகிறவன் எழுதிவிட்டான். கண்டெய்னரோ நேற்றிலிருந்து சுங்கத்தில் நிற்கிறது.

"உக்காருங்க லல்லா," என்றார், அம்மா என்கிற மரியாதையோடு. " டீ சாப்பிடுங்க."

"டீ சாப்பிடவா சி முஃபத்தல், மிஸூர்லேருந்து பஸ் ஏறி வந்தேன்? என் சரக்கை ஏன் புடிச்சு வச்சிருக்காங்க?"

"தாள்ல மண்ணுன்னு இருக்கு. மண்ணை ஐரோப்பாக்காரன் உள்ள விடமாட்டான். புழு, பூச்சி, கிருமின்னு ஆயிரம் சொல்லுவான். அதான் இங்கேயே நிறுத்திட்டாங்க."

"மண்ணுன்னு எந்தக் கழுதை எழுதிச்சு?"

முஃபத்தல் குவளையைத் தள்ளி வைத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். சுங்கத் தாளுக்காக அவள் அனுப்பியிருந்த சரக்குப் பட்டியல். 'மண், மிஸூர், உலர்ந்தது, எண்ணூறு சாக்கு.' அவள் கையெழுத்தேதான்.

குழியில் வேலை செய்கிறவர்களுக்கு அது என்றைக்கும் வெறும் மண்தான். மண் காய்ந்ததா, மண் ஏற்றியாச்சா என்றுதான் பேச்சு. கஸ்ஸூல் என்பது காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வைத்துக்கொண்ட பெயர். இத்தோவுக்கு முகம் சுட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது, அந்த 'மண்'ணைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம்.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

"எப்போ?"

"பட்டியல் வந்தன்னிக்கு. பத்து நாள் இருக்கும்."

"பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

"நீங்க எழுதினதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு லல்லா? அப்புறம், திருத்தறதுக்குத் தனிக் கட்டணம். எல்லாத் தரகருக்கும் அதான் வழக்கம்."

இத்தோ எழுந்தாள். அதுவரை பேருக்கு முன்னால் போட்ட 'சி'யும் மரியாதையும் நாற்காலியிலேயே தங்கிவிட்டன.

"குழியில விழப்போறவளைப் பார்த்துட்டு, தூக்கிவிடக் கூலி கிடைக்கும்னு உக்காந்திருந்தியா? எந்திரி. சுங்கத்துக்கு நட."

சுங்கக் கூடத்தில் அதிகாரி வர்தியா, தலை நிமிராமல் கேட்டாள்.

"மண்ணா?"

"மதாம், போன வாரம் குளியல் வீட்டுல தலைக்கு என்ன தேய்ச்சீங்க?"

"கஸ்ஸூல்."

"அதான் சாக்குல இருக்கு."

"குளியல் வீட்டுல அது கஸ்ஸூல். இங்க தாள் என்ன சொல்லுதோ அதுதான். சுங்கப் பட்டியல்ல களிமண்ணுக்கு ஒரு எண், மண்ணுக்கு ஒரு எண். இந்தத் திருத்தத் தாளை வாங்கிக்க. தப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதி, நீயும் உன் தரகரும் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள ஒரு சாக்கைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்றேன்."

முஃபத்தல் இத்தோவின் காதருகே குனிந்தார். "கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தை எழுதுங்க லல்லா, போதும்."

இத்தோ பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள். பிரித்த சாக்கில் இருப்பது களிமண்தான் என்று தகவல் வந்ததும் வர்தியா தாளை வாங்கி உரக்கவே படித்தாள். 'மண் என்று எழுதியவள் நான். எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர். என் தரகர் பத்து நாள் முன்பே அதைப் படித்து, பென்சிலால் வட்டம் போட்டு, கூடுதல் கட்டணத்துக்காக வாயை மூடிக்கொண்டார்.'

வரிசையில் நின்ற தரகர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறதா? வேற தாள் வாங்கலாம்," என்றார் முஃபத்தல்.

"வாங்கு. மணி மூணு இருபது. கப்பல்ல இடம் புடிச்சது உன் பேர்ல. அது காலியாப் போனா கப்பல்காரன் மிஸூருக்கு வரமாட்டான், உன் மூணு மாடிக்குத்தான் வருவான்."

"போடுங்க சி முஃபத்தல்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எழுத்து முத்து முத்தா இருக்கு."

கூடமே சிரித்தது. முஃபத்தல் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கண்டெய்னர் வாசலைத் தாண்டியது.

இத்தோ அதை வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வர்தியாவின் மேசைக்கே திரும்பி வந்தாள்.

"மதாம், அடுத்த சரக்குக்கு நானே எழுதிக்க, நிரப்பாத சுங்கத் தாள் ஒரு கட்டு குடுங்க. எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு சொல்லுங்க."

"எல்லாக் கட்டத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்," என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.