பெரியவரும் பிரித்த தையலும்

அக்காவின் வயிற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் குழந்தை. மற்றவர், எலுமிச்சம்பழ அளவில் தொடங்கி எட்டாம் மாத ஸ்கேனில் ஆரஞ்சு அளவுக்கு வந்திருந்த நார்க்கட்டி. குழந்தைக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டதால் வீட்டில் அதற்குப் பெயர் 'பெரியவர்'.

"சிசேரியன்தான். நான் கீற வேண்டிய இடத்துலயே கட்டி உட்கார்ந்திருக்கு. எடுத்தாத்தான் ஒழுங்கா மூடித் தைக்க முடியும். ஆனா இந்த நேரத்துல கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி. ரத்தம் நிக்கலன்னா பையையே எடுக்க வேண்டி வரலாம்," என்றார் டாக்டரம்மா.

மாமா, அதாவது அக்காவின் கணவர், டெய்லர். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்ற மறந்தே வந்திருந்தார்.

"ஒரு தையலப் பிரிச்சா மத்த வேலையையும் அப்பவே முடிச்சிடுவோம் டாக்டர். ரெண்டு தடவ பிரிச்சா துணி தாங்காது."

"உங்க துணிக்கு ரத்தம் வராதுங்க."

அக்கா சம்மதப் படிவத்தை இழுத்துக்கொண்டு கையை நீட்டினாள். "பேனா குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன். இவரு போட்டா பொத்தானுக்குக் காஜா எடுத்த மாதிரி இருக்கும்."

அக்காவுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. ஒரு பாட்டில் கொடுத்தேன். மயங்கி விழவில்லை, சற்று நேரம் தரையில் படுக்க விரும்பினேன், அவ்வளவுதான்.

அறுவை நாளன்று காலையில் நர்ஸ் ஒரு துணிச்சுருளோடு வெளியே வந்தார். "பொண்ணு!"

மாமா இரண்டு நொடி பார்த்தார். "இவ அம்மா?"

"கட்டிய எடுத்துட்டிருக்காங்க. இருங்க." குழந்தை திரும்ப உள்ளே போனது.

மாமா என்னைப் பார்த்தார். "பொத்தான் தொங்குதுடா." சட்டைப் பையில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை எடுத்தார். தெருவில் போகிறவரோடு பேசிக்கொண்டே நூல் கோக்கிற மனிதர். நான்கு முறை தவறவிட்டார். ஐந்தாம் முறை கோத்து, நான் நின்றபடியே இருக்க, என் நெஞ்சில் தைக்க ஆரம்பித்தார். முடிச்சுப் போடும்போது கதவு திறந்தது.

"இந்தாங்க, உங்க பெரியவரு." நர்ஸ் கையில் ஒரு ஜாடி.

"கர்ப்பப்பை?"

"பத்திரமா இருக்கு. ரத்தமும் நின்னுடுச்சு. உங்க மச்சான் குடுத்த பாட்டிலத் தொடவே இல்ல."

நிம்மதியாக இருந்தது. லேசாக அவமானமாகவும் இருந்தது.

மதியம் வார்டில் அக்கா பேசும் நிலைக்கு வந்துவிட்டாள்.

"முதுகுல போட்ட ஊசியில வலிதான் தெரியல, காது நல்லாவே கேட்டுச்சு. 'வெளிய டெய்லர் நிக்கிறாரு, நூல் தொங்காமப் பாத்துக்கோ'ன்னு டாக்டரம்மா சொல்லிச் சொல்லித் தச்சாங்க."

"எத்தன அடுக்கு?"

"ரெண்டு."

மாமா தலையாட்டினார். டேப் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேப் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள் அல்ல.

நான் பேச்சை மாற்ற நினைத்து, வியர்வைக்குச் சட்டையைத் தளர்த்த இழுத்தேன். உள்ளிருந்த பனியனும் சேர்ந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகத் தைத்திருந்தார்.

அக்கா பார்த்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கடா, தையல் பிரிஞ்சிடும்!"

"பிரியாது," என்றார் மாமா, முகம் மாறாமல். "ரெண்டு அடுக்கு."