செல்வமேரி வீட்டுத் தென்சுவர்

ஆறு வருஷத்தில் அந்தத் தெருவில் பதினொரு ஓட்டு வீடுகள் போய் நான்கு அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அஸ்தம்பட்டி முழுக்கவே அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஐந்தாவது, செல்வமேரி வீட்டுத் தென்சுவரை ஒட்டி வந்தது. கட்டுகிறவர்கள் அவள் வீட்டையும் சேர்த்து விலைக்குக் கேட்டார்கள். கணவர் பெனடிக்ட் இறந்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை; கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். சென்னையிலிருந்த மகன் டோனிக்கு அதில் வருத்தம்தான்.

கார் நிறுத்தும் இடத்துக்காகப் பதினைந்து அடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். மண் சுமக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் வைக்கவில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்திருந்த அத்தாயி, தினமும் காலையில் செல்வமேரி வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்துப் போவாள். ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"உங்க செவுத்துக்கு அடியில மண்ணு பொலபொலன்னு உதிருதுங்கக்கா. நாங்க சொன்னா எடுபடாது. நீங்க சொல்லிப் பாருங்க."

செல்வமேரி போய்ச் சொன்னாள். இன்ஜினியர் ஈஸ்வர் உடனே வந்தான், மரியாதையான பையன். தென்பக்க அறைச் சுவரில் விட்டிருந்த விரிசல்மேல் ஒரு கண்ணாடித் துண்டைக் குறுக்காக வைத்துச் சிமென்ட் பூசினான். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடையாதவரை பயமில்லை என்றான். பிறகு, வந்து பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து வேண்டுமென்று தாளை நீட்டினான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ஒன்பது மணி வேலை. படிக்காமலே போட்டுக் கொடுத்தாள்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, கண்ணாடி இரண்டாக விண்டிருந்தது. போனில் கூப்பிட்டதற்கு, திங்கட்கிழமை முட்டுக் கொடுத்துவிடலாம் என்றான் ஈஸ்வர். அவள் அந்த அறையிலிருந்த பீரோ, கட்டில், பெனடிக்டின் படம், மாதா சுரூபம் எல்லாவற்றையும் முன்னறைக்கு நகர்த்தினாள்.

மறுநாள் காலை அத்தாயி குடத்தோடு வந்தாள். சாமான்கள் வாசல்வரை கிடப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. விளக்கிக்கொண்டிருக்கச் செல்வமேரிக்குப் பொறுமையில்லை. வீட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிவிட்டாள்.

பதினொன்றரை மணிக்குச் சுவர் பள்ளத்துக்குள் சாய்ந்தது. அடியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். அத்தாயியின் உடலை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது.

போலீஸ் ஸ்டேஷனில் அந்தத் தாளை வாசித்துக் காட்டினார்கள். தன் சுவர் பழுதாகியிருப்பதைத் தான் அறிந்திருப்பதாகவும், விழுந்தால் வரும் எதற்கும் தானே பொறுப்பு என்றும் அதில் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அழுதாள். எழுதிக்கொண்டார்கள். வழக்கில் ஈஸ்வர் பெயரோடு அவள் பெயரும் சேர்ந்தது. பாதி இடிந்த வீட்டை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கும் அலைய முடியாது என்று டோனி வந்து பேசி முடித்தான். முன்பு வீட்டைக் கேட்டவர்களுக்கே பத்திரம் பதிவானது.

நான்கு மாதம் கழித்து, அவள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அத்தாயியின் புருஷன் நந்தகுமார் விசாரித்துக்கொண்டு வந்தான். உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. படியருகே செருப்போடு நின்றான்.

"செவுரு விழுகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு வக்கீலு சொல்றாருங்க. நெசங்களா?"

இல்லையென்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவளுடைய வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியும் சாமி. எனக்குச் சொன்னதே அவதான்."

"அப்ப அன்னிக்கு அவள அங்க நிக்காதேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலீங்களா?"

சாமான்களை நகர்த்தியபோதும், திங்கட்கிழமைவரை தாங்க வேண்டுமே என்று ஜெபித்தபோதும், அந்தச் சுவருக்கு மறுபக்கம் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது செல்வமேரிக்குத் தோன்றவே இல்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

நந்தகுமார் தெருவில் இறங்கி நடந்தான். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.