நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு

...சொல்லிவிடலாம்தான், ஆனால் எந்த வாயால், காலரில் மைக் மாட்டுகிறவர் முகவாயைக் கொஞ்சம் தூக்குங்கள் என்று சொல்ல, அவளும் தூக்கிக்கொண்டு கூரை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற இந்தக் கோலத்திலா, பக்கத்து நாற்காலியில் அத்தான், அக்கா வீட்டுக்காரர், பிஸ்கட்டைச் சுற்றிலும் கடித்துவிட்டு நடுவிலிருக்கும் கிரீமைக் கடைசிக்கு மிச்சம் வைத்துக்கொண்டிருக்கிறார், ஐம்பதை நெருங்குகிற மனிதர், நிறுவனத்தில் சரிபாதி அவருடையது, அவரிடம் போய், அத்தான், நம்ம தொண்ணூத்தி நாலு பொய் என்று... இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள், நடுநடுவே கைதட்டல். அவள் கையிலிருக்கும் தாளில் ‘செயற்கை நுண்ணறிவு நிறுவனம் தொடங்குவதன் நிஜங்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே நெறியாளர் கேட்கப்போகும் கேள்விகள், அதில் முதலாவதே உங்கள் மென்பொருள் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதுதான். நிஜங்களாம். ஆள் வைத்து விசாரித்துத்தான் இந்தத் தலைப்பை வைத்தார்களோ? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடாதீங்க மேடம், கிளிப் விழுந்துடும் என்றார் மைக் மாட்டுகிறவர்.

பதற்றம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம், காலையில்கூட வரவில்லை, தண்ணீர் தொட்டி நிரம்பி வழிவதை வேடிக்கை பார்ப்பது போல நின்றிருந்தாள். அவர்கள் செய்வது ஒன்றும் பெரிய மாயமில்லை. லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, இது நன்றாக இருக்கிறது, இது இன்னும் சில வாரங்களில் மக்கர் பண்ணும் என்று சொல்கிற மென்பொருள், அலுவலகத்தில் அதற்குக் ‘காது’ என்று செல்லப் பெயர். இன்று காலை ஏழு மணிக்கு, மேடையில் போட்டுக் காட்ட ஒரு நல்ல பதிவாகத் தேடலாம் என்று ஹெட்போனை மாட்டினாள், பழுதான லிஃப்ட் ஒன்று, இன்னொன்று, மூன்றாவது, மோட்டாரின் உறுமலுக்கு அடியில் ஏதோ மெல்லியதாகக் கிணுகிணு என்று, முதலில் கம்பி ஆடுகிற சத்தம் என்றுதான் நினைத்தாள், எட்டாவது பதிவில் அந்தக் கிணுகிணுப்போடு ஒரு இருமலும் சேர்ந்து வந்தது, அந்த இருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், பழுதான லிஃப்ட்களைப் பதிவு செய்து தந்த மெக்கானிக்குடையது, அப்படியானால் அந்தக் கிணுகிணுப்பு... வீட்டுச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டு, தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டில் ஏறினாள், போன மாதம்தான் மாற்றிய புத்தம்புது லிஃப்ட், ஒரு கையில் போன், மறு கையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நான்கு மாடி மேலே, நான்கு மாடி கீழே. மூன்றாம் மாடியில் ஏறிய பக்கத்து வீட்டு அம்மாள் பேசாமல் மூலையில் ஒதுங்கி நின்றாள், பாவம், பெண்ணுக்கு வேலைப்பளு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள். காது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழுது என்றது. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி போய்வந்தாள். நலம் என்றது.

இதைவிட எளிமையாக ஒரு தப்பைப் பண்ண முடியுமா? நன்றாக ஓடும் லிஃப்ட்களை அவளும் அத்தானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிப் பதிவு செய்தார்கள், இருவர் இடுப்பிலும் எதுவும் தொங்குவதில்லை. பழுதான லிஃப்ட்டுக்கு அவர்களை யார் கூப்பிடப்போகிறார்கள், மெக்கானிக்கைத்தானே கூப்பிடுவார்கள், அதனால் அந்தப் பதிவுகளையெல்லாம் அவர்தான் எடுத்துத் தந்தார், இருபத்தைந்து கட்டடத்து மோட்டார் அறைச் சாவிகளும் அவர் பெல்ட்டில்தான். என் வயித்துல அடிக்கிற வேலைக்கு நானே கூலியில்லாம ஒத்தாசை பண்றேன் பாருங்க என்று கிண்டல் பண்ணிக்கொண்டே எடுத்துக் கொடுத்த மனுஷன். கற்றுக்கொடுத்த பதிவுகளிலும் அவர் சாவி, பிறகு தேறிவிட்டதா என்று சோதித்துப் பார்க்க ஒதுக்கிவைத்த பதிவுகளிலும் அதே சாவி, அப்புறம் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்காமல் என்ன செய்யும்? அத்தனை பதிவில் ஒன்றையாவது உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்களா? இல்லை. எண்ணைப் பார்த்தார்கள், கோட்டுப்படத்தைப் பார்த்தார்கள், கோடு மேலே போனதும் பூரித்துப்போனார்கள். எண் எண்பதைத் தாண்டிய அன்று அத்தான் அவள் தலையில் கை வைத்து, ஜெயிச்சுட்டோம்மா என்றார், அதை நினைத்தால்தான் தாங்கவில்லை, மற்றதெல்லாம் பரவாயில்லை, மற்றதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.

பரவாயில்லையா? முதல் வரிசையில் நாற்பது கட்டடங்களின் சொந்தக்காரர் உட்கார்ந்திருக்கிறார், திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்கப்புறம் மாதாமாதம் மெக்கானிக் போய்ப் பார்க்கும் வழக்கம் கிடையாது, காது கூப்பிட்டால்தான் போவார். காது எப்போது கூப்பிடும்? சாவிச் சத்தம் கேட்டால் கூப்பிடும். சாவி எப்போது வரும்? மெக்கானிக் வந்தால் வரும். யாரும் எதையும் கேட்காமல் நாற்பது கட்டடத்து லிஃப்ட்களும் குழந்தைகளையும் முழங்கால் வலிக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும், என்றைக்காவது ஒருநாள்... அத்தான் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், ஒரு வருஷத்துக்காவது மெக்கானிக் மாதம் ஒருதரம் போகட்டும் என்று. மூன்று நாள் மல்லுக்கட்டு. நம்ம சரக்குமேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னா அவங்களுக்கு எப்படி வரும் அத்தான், உங்களுக்கு எதிலும் பயம் என்று அவள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சரி உன் இஷ்டம் என்றார், வரியை எடுத்தாகிவிட்டது. இருபது வருஷம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நிம்மதியான வேலையை விட்டுவிட்டு மச்சினியோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கியவர், உன்ன நம்பித்தான்டி அவர் கிளம்புறார் என்று அக்கா வாசலில் நின்று சொன்னாள், மிரட்டலும் இல்லை, வேண்டுதலும் இல்லை, சும்மா ஒரு தகவல் மாதிரி. அக்கா பேசுவதே அப்படித்தான், அதனால்தான் மறக்க முடிவதில்லை.

இப்போது சொல்லிவிட வேண்டும். மேடையில் போய்ச் சொன்னால் அவர் முகம் அத்தனை பேருக்கு முன்னால் விழுந்துபோகும், அதைப் பார்க்க அவளால் முடியாது. அத்தான் என்றாள். என்னம்மா என்று திரும்பினார், மீசையில் பிஸ்கட் தூள். ஒண்ணு சொல்லணும். சொல்லு. வாயைத் திறந்தாள், மீசையில ஒட்டியிருக்கு என்றுதான் வந்தது. அவர் துடைத்துக்கொண்டார். உனக்குக் கை நடுங்குதா, எனக்கு நடுங்குது பார் என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டினார், நிஜமாகவே நடுங்கியது, ஆயிரம் பையன்களுக்கு முன்னால் நின்று பேசிய கை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடிக்கும்போது தொண்டையில் குரல்வளை ஏறி இறங்கியதைப் பார்த்தாள், இந்த ஒன்றரை வருஷத்தில் மெலிந்துவிட்டார், அக்கா கவனித்திருப்பாள். சொல்லு என்றார் மறுபடி. அதற்குள் திரை விலகி ஒரு பெண் உள்ளே தலையை நீட்டி, வாங்க, நீங்கதான் அடுத்து என்றாள்.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியதால் முதல் வரிசைக்காரரின் முழங்கால்கள் மட்டும்தான் தெரிந்தன, நல்லதாகப் போயிற்று. நெறியாளர் சிரித்த முகம், அறிமுகம், கைதட்டல், பிறகு தாளைப் பார்க்காமலே முதல் கேள்வி. உங்க காது எவ்வளவு சரியாச் சொல்லுது? அத்தான் மூச்சை இழுத்தது அவர் மைக்கில் கேட்டது. சொல்லிவிடுவார், அந்த எண்ணை அவர் சொல்லிவிட்டால் அது அவர் சொன்ன பொய்யாகிவிடும், தெரியாமல் சொன்ன பாவம் என்றாலும்... அவள் முந்திக்கொண்டாள். “நேத்து வரைக்கும் நூத்துக்குத் தொண்ணூத்தி நாலுன்னு சொல்லிட்டிருந்தோம். அது தப்புங்க. அது கத்துக்கிட்டது பழுதை இல்ல, ஒரு சாவிக்கொத்தோட சத்தத்தை.” அவள் அத்தானைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த பூச்சாடியைப் பார்த்தாள். நெறியாளர், சாவிக்கொத்தா, யாரோட சாவிக்கொத்து என்று கேட்டார்.

“எங்க மெக்கானிக்கோடது” என்றார் அத்தான். “பழுதான லிஃப்ட்டையெல்லாம் அவர்தான் பதிவு பண்ணினார். அவர் பெல்ட்டுல சாவி தொங்கும். நல்ல லிஃப்ட்டுல சாவியை ஆட்டினாக்கூடப் பழுதுன்னுதான் சொல்லும். இதை நம்பி இப்போதைக்கு யாரும் மெக்கானிக்கை நிறுத்தக் கூடாது.” கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் மாதிரி நிதானமாகச் சொன்னார், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் என்று அவள் வாயிலிருந்து வரவே இல்லையே. சாவியை ஆட்டிப் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அத்தான் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கை நடுங்கவில்லை. கோபம் வர வேண்டும், வரும், கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்றும் தெரிந்தது, ஆனால் முதலில் வந்தது ஆறுதல்தான், இந்த மனிதரை உடைக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல். எப்போதிலிருந்து தெரியும்? எந்த லிஃப்ட்டில் நின்று சாவியை ஆட்டினார், யார் பார்த்து ஒதுங்கி நின்றார்கள்? அந்த ஒரு வரிக்காக மூன்று நாள் மல்லுக்கு நின்றபோதே தெரியுமா, தெரிந்துதான் சரி உன் இஷ்டம் என்றாரா, அப்படியானால் இன்று அவள் பேசாமல் இருந்திருந்தால் அந்த இழுத்த மூச்சில் அவர் எதைச் சொல்லியிருப்பார்? நெறியாளர் அடுத்த கேள்வியை அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் காதில் அது விழவில்லை, மன்னிக்கணும், மறுபடி கேளுங்க என்றாள்.