ஏப்ரல் பனிக்கு ஒரு திருகாணி

கணினித் திரையில் மலை நகர்ந்தது. ஹின்டர்கார் மலையின் உச்சியில் வைத்திருக்கும் கேமரா இடமிருந்து வலமாக மெல்லக் கழுத்தைத் திருப்பும். மியூனிக்கில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, காபி ஆறுவதுகூடத் தெரியாமல், நாங்கள் இருவரும் அதன் கூடவே கழுத்தைத் திருப்புவோம். கோர்பினியன் சறுக்குவதற்குப் பனியைத் தேடினான். அவன் பெண்டாட்டியான நான் புல்லைத் தேடினேன். ஒரே திரை, ஒரே மலை, ஒரே தட்டில் இருவருக்கும் ரொட்டி. வேண்டுதல் மட்டும் நேரெதிர்.

ஏப்ரல் பாதி கடந்துவிட்டது. அடிவாரத்தில் பச்சை ஏறிவிட்டது. ஒவ்வொரு காலையும் அது ஒரு முழம் மேலே நகர்ந்திருக்கும். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் நடனமாடுவேன். போன வாரம் தெற்கிலிருந்து வெப்பக்காற்று வீசியபோது, அது வந்தால் எப்போதும்போல, ஊர் முழுக்கத் தலைவலி. மருந்துக்கடை வரிசை ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கடைக்கே வந்து சேர்ந்தது. எனக்கு மட்டும் தலை இறகாக இருந்தது. அந்தக் காற்றைப்போலப் பனியைத் தின்கிற பிராணி உலகத்தில் வேறு கிடையாது. தின்னட்டும், எலும்பைக்கூட மிச்சம் வைக்காமல் தின்னட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்து அதை வரவேற்றேன்.

காரணம் இல்லாமல் இல்லை. நவம்பரில் கோர்பினியனுக்கு மூளையில் ஒரு சின்ன அடைப்பு. பேச்சு திரும்பிவிட்டது, தேவைக்கு மேலேயே திரும்பிவிட்டது. இடதுகால் மட்டும் படியேறும்போது ஒரு கணம் நின்று யோசிக்கிறது. அந்தக் கணத்தில் நான் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, ஆளுயர மெத்தையாக மாறிவிட மாட்டேனா என்று பார்ப்பேன். டாக்டரம்மா சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: “சறுக்கப் போகலாம். ஆனா மெதுவா. சின்னப் பசங்க சறுக்குற நீலச் சரிவுல மட்டும். கால் மாட்டிக்கிட்டு முறுக்கிச்சுன்னா இந்தக் கால் தாங்காது.” வெளியே வந்ததும் கோர்பினியன் தெருவில் போகிற நாய் முதற்கொண்டு எல்லோரிடமும் சொன்னான்: “டாக்டர் போகலாம்னுட்டாங்க.”

போகாதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஜனவரியில் ஏணியில் ஏறாதே என்று அப்படித்தான் முடித்தேன். அன்றிலிருந்து வாரக்கணக்கில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். வேறொன்றும் செய்யவில்லை, உட்கார்ந்தான். பார்க்கப் பார்க்க அவன் உடம்பிலேயே நான்கு மரக்கால் முளைத்துவிடும்போல இருந்தது. உடைந்த காலைக் கட்டுப்போட்டுச் சேர்த்துவிடலாம். அந்த நாற்காலியிலிருந்து மனிதனைப் பிரித்தெடுக்க என்னிடம் வழி இல்லை. அதனால்தான் ‘வேண்டாம்’ என்று சொல்கிற வேலையை வானத்திடம் விட்டிருந்தேன்.

வானம் என்னைக் கைவிட்டது. புதன்கிழமை காலையில் திரை முழுக்க வெள்ளை.

“கேமரா கெட்டுப்போச்சு” என்றேன்.

“கெட்டுப்போகலடி கிழவி. பனி. ராத்திரி பூரா கொட்டியிருக்கு.”

“ஏப்ரல் பனி, மத்தியானத்துக்குள்ள உருகிடும்.”

கோர்பினியன் கப்பைக் கீழே வைத்தான். “சென்ஸி, நீ தினமும் இதுல புல்லு தேடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன். ஏற்கெனவே தடவியிருந்த ரொட்டி.

“நீ டிராம் ஓட்டுறப்போ யாராவது குறுக்க வந்தா மணி அடிப்ப இல்ல? எனக்கும் மணி அடிச்சுச் சொல்லு. மேகத்தைத் தூது விடாத.”

பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. ஹின்டர்காரில் நாங்கள் எப்போதும் தங்கும் விடுதியை நடத்துகிற நோட்புர்கா. அவள் தொலைபேசியில் பேசினால் தொலைபேசியே தேவைப்படாது, மலையைத் தாண்டி நேராகக் காதில் விழும்.

“பாத்தீங்களா, பாத்தீங்களா? மேல இடுப்பளவு! கீழ ஒண்ணுமில்ல, மாடு மேயுது, ஆனா மேல இடுப்பளவு! ரோப் கார் இந்தக் கடைசி வாரம்தான் ஓடும். உங்க மூலை ரூமை ஒரு டச்சுக்காரக் குடும்பம் கேக்குது. வர்றீங்களா, விட்டுடவா?”

அவள் இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பனி முழங்கால் அளவுதான் இருக்கும். அதுவே போதும், என் வேண்டுதலைப் புதைக்க.

கோர்பினியன் என்னைப் பார்த்தான். நாற்காலியைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

“வர்றோம்” என்றேன். என் குரல்தான். எனக்கே ஆச்சரியம்.

“உன் ரோஜாக்கலர் கோட்டு எடுத்துக்க மறந்துடாத, சென்ஸி! அதப் பாத்துத்தான் மீட்புப் படைக்காரங்களே வழி கண்டுபிடிக்கிறாங்க!” என்று நோட்புர்கா கத்திவிட்டு வைத்தாள்.

கோர்பினியன் எழுந்து என் உச்சந்தலையில் முத்தமிட்டான். அப்புறம் நிலவறைக்குப் போய் ஸ்கீ கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பத்துப் படி ஏறி வந்தான். ஒவ்வொரு படியிலும் இடதுகால் யோசித்தது, நானும் யோசித்தேன்.

சறுக்குக் கட்டைகளைச் சரிபார்த்துத் தரும் ரோஸ்விதாவின் கடை இரண்டு தெரு தள்ளி. சீசன் முடிகிற நேரம் என்பதால் பாதிக் கடையில் சைக்கிள் வந்துவிட்டது. ஹெல்மெட்டுகளுக்கு நடுவில் ரோஸ்விதா மட்டும் பழையபடி நின்றாள். எங்களைவிடப் பத்து வயது இளையவள், கைகள் கொல்லனுடையவை.

“அடடே, மின்னல் வந்துட்டாரு! கூடவே இடியும்” என்றாள், என்னைப் பார்த்து. “இந்த வருஷம் காணோமேன்னு பாத்தேன். வேற எவனாவது உங்களை முந்திட்டானோன்னு.”

“முந்துறவன் இன்னும் பொறக்கல” என்றான் கோர்பினியன்.

அவனுடைய பூட்ஸைக் கட்டையின் பூட்டில் பொருத்தி மேசைமேல் வைத்தாள் ரோஸ்விதா. விழும்போது அந்தப் பூட்டு பூட்ஸை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கட்டை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும், உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும், நடுவில் இருக்கிற முழங்கால்தான் விலை கொடுக்கும். எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்பது ஒரு சின்னத் திருகாணியின் கையில். ஏப்ரல் பனி காலையில் கண்ணாடி, மத்தியானம் கஞ்சி. கஞ்சியில் மாட்டிய கட்டையை ஆறு குதிரை பூட்டி இழுத்தாலும் வராது.

“எடை அதேதானா?”

“ரெண்டு கிலோ குறைவு” என்றான்.

“நாலு” என்றேன்.

ரோஸ்விதா சிரித்தபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். “வயசு எனக்கே தெரியும், கேட்டா நான் உயிரோட இருக்க முடியாது. அப்புறம், எந்த ரகம்? ஒண்ணு பதுங்கிப் போறவங்க, பூட்டு சட்டுனு விட்டுடும்; ரெண்டு நிதானம்; மூணு பறக்குறவங்க, லேசுல விடாது. உங்ககிட்ட என்ன கேள்வி.”

கோர்பினியன் கையை உயர்த்தினான். பீர் கூடாரத்தில் மூன்று கிளாஸ் கேட்பதுபோல: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்.

ரோஸ்விதா ஸ்க்ரூடிரைவரைத் திருகாணியின் பள்ளத்தில் வைத்தாள்.

“ரோஸ்விதா, நில்லு” என்றேன். “நவம்பர்ல இவனுக்கு மூளையில அடைப்பு. இடதுகால் சரியில்ல. ஒண்ணுன்னு வை.”

கடையில் எங்கோ ஒரு சைக்கிள் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றி ஓய்ந்தது. வாழ்நாள் முழுக்க எதைச் சொன்னாலும் நாலு மடங்காக்கிச் சொன்னவள் நான். இதை ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்னேன். ரோஸ்விதாவின் முகத்தில் சிரிப்பு போன இடம் வெறுமையாக இருந்தது. கோர்பினியனின் காதுமடல்கள் சிவந்தன. அவன் என் பக்கம் திரும்பவில்லை.

“சென்ஸி” என்றாள் ரோஸ்விதா மெதுவாக, “நீங்க சொல்லி நான் வைக்க முடியாது. சறுக்கப் போறவரு சொல்லணும். அவர் காட்டுறதத்தான் நான் வைப்பேன்.”

“மணி அடிச்சுச் சொல்லுன்னியே” என்றேன் அவன் முதுகைப் பார்த்து. “அடிச்சுட்டேன்.”

ரோஸ்விதா திருகவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கோர்பினியனின் கை இன்னும் காற்றில்தான் இருந்தது, மூன்று விரல்களோடு. அவனே அதை அப்போதுதான் கவனித்தவன்போலப் பார்த்தான், வேறு யாரோ தன் தோளில் மாட்டிவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல.

நடுவிரல் மடங்கியது.

ரோஸ்விதா திருகாணியை இடப்பக்கமாக ஒரு இழை தளர்த்திவிட்டு, கண்ணெடுக்காமல் காத்திருந்தாள். ஆள்காட்டி விரல் பாதிவரை வளைந்து வந்து, உள்ளங்கையைத் தொடாமல், படியேறும் இடதுகாலைப்போல அங்கேயே நின்று யோசித்தது.