மூன்று நிற மாத்திரைகளும் நான் அடித்துவிட்ட ஒரு வரியும்

1

இந்தக் கதை ஒரு சுருக்குப்பையிலிருந்து விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பீர்க்கன்கரணையில் எங்கள் அடுக்குமாடி வாசலில், மீன்கார முத்தாலம்மாள் எனக்குச் சங்கரா ஆய்ந்து கொடுத்துவிட்டுச் சில்லறைக்காகப் பையைப் பிரித்தாள். மூன்று மாத்திரை அட்டைகள் தரையில் விழுந்தன. ரோஸ், வெள்ளை, மஞ்சள்.

"இன்னா சார் அப்டி பாக்குற? எல்லாம் முட்டி வலிக்குத்தான். ரோசு டீச்சரம்மா மாத்திர, காலைல. வெள்ள, மிலிட்டரிக்காரரு மாத்திர, மத்தியானம். மஞ்சா ராவுக்கு. ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு கேக்கும்ல?"

மீன் வாங்குகிற வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகள். கொடுத்தவர் பெயரே மருந்தின் பெயர்! இப்படி ஒன்று ஒரு எழுத்தாளன் காலடியில் விழுந்தால் என்ன செய்வான்? அட்டைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, மீனை அங்கேயே விட்டுவிட்டு, மூன்று மாடி ஓடி ஏறினேன். (மனைவி திட்டியது தனிக்கதை.)

2

தொடக்கம் ஒன்று: 'கடலோரக் குப்பத்தின் மேல் செங்கதிர்கள்…' சே. ஏலத்துக்கு ஓடுகிறவள் கதிரை எங்கே பார்த்தாள்?

தொடக்கம் இரண்டு: 'மூட்டுத் தேய்மானம் என்பது நடுத்தர வயதினரிடம்…' இது ஞாயிறு இணைப்பு.

தொடக்கம் மூன்று:

கூடையை இறக்கும்போது முதலில் இடது முட்டி முனகும், அப்புறம் முத்தாலம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து புறப்பட்டு, பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரைத் தெருக்கள்வரை நடை. முப்பது வருஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்த கால்கள். உட்கார முடியவில்லை என்றால் வியாபாரம் இல்லை. விடிகாலையில் வெறும் வயிற்றில் ரோஸ் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். பத்து மணிக்குள் முட்டி சொன்னபடி கேட்கும். அப்போது அவளுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, தெருவே கேட்கும்படி கூவுவாள்.

ஆகா, இதுதான்! கை நிற்கவில்லை, ஒரே மூச்சில் நான்கு பக்கம்.

[அடித்துவிட்ட வரி: "நாலு நாளா வெளிக்கி கறுப்பா போவுது சார். கடம்பாவ மைப்பையோட ஆக்கித் துன்னேன், அதான்" என்று சிரித்தாள். — கடம்பா என்றால் கணவாய் மீன் என்று விளக்க வேண்டும். தவிர, கதையில் மலம் எதற்கு? நீக்கம்.]

3

மூன்றும் ஒரே வலி மாத்திரையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அதில் ஒரு சந்தேகம். செவுளைத் தூக்கிப் பார்த்தே நேற்றைய மீனை ஒதுக்குகிறவள், மாத்திரையில் இப்படி ஏமாறுவாளா? வாசகர் நம்புவாரா?

இரண்டு நாள் இதிலேயே போனது. வியாழக்கிழமை பல் துலக்கும்போது பிடிபட்டது. அதனால்தான் ஏமாந்தாள்! மீனில் நிறம் வேறென்றால் மீன் வேறு. ஆயுள் முழுக்கக் கண்ணை நம்பிப் பிழைத்தவளுக்கு மூன்று நிறம் என்றால் மூன்று மருந்து. வாய் நிறைய நுரையோடு நான் சிரித்ததை மனைவி ரசிக்கவில்லை.

4

இன்று சனிக்கிழமை. தகவல் பிழை வரக்கூடாதே என்று இரண்டாம் மாடி கெசியாவிடம் போனேன். நர்ஸ், இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கதையைச் சொன்னேன். மாத்திரைப் பெயர்கள் குறித்திருந்த என் சீட்டைப் பார்த்தாள்.

"மூணும் ஒரே வகை வலி மாத்திரைதான் சார். கம்பெனி வேற, கலர் வேற, அவ்வளவுதான். மூணையும் சேர்த்துப் போட்டா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும். கிட்னியும் போயிடும். அதுவும் வெறும் வயித்துலயா? கதைல அந்தம்மாவுக்கு மோஷன் கறுப்பா போகுதா?"

"அந்த வரியை அடிச்சிட்டேன்மா. அது கடம்பா மை. நாலு நாளா…"

"நாலு நாளைக்கு மை வராது சார். அது ரத்தமா இருக்கலாம். ஒரு நிமிஷம், இது கதையா, நிஜமா?"

5

நிஜம். இன்னொரு நிஜமும் இருக்கிறது.

மஞ்சள் மாத்திரை யாருடையது என்று முதல் பகுதியில் நான் சொல்லவில்லை. முத்தாலம்மாள் சொன்னாள், நான்தான் எழுதவில்லை. 'கதைக்கார சார் மாத்திர' என்றாள். என் முட்டிக்கு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி கணக்கு ஏறுகிறது, உடனே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். எனக்கு மட்டும்தான் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்து, மிச்சத்தைத் தூக்கிப் போட மனம் வராமல், அவளிடம் நீட்டினேன். அன்று அவள் எனக்கு இரண்டு மீன் கூடப் போட்டாள். வெட்கமாக இருக்கிறது.

6

யோசித்து வைத்திருந்த முடிவுகள்:

அ. பெருங்களத்தூர் நிறுத்தத்தில் மயங்கி விழுகிறாள். கூட்டம் கூடுகிறது. (வேண்டாம். வேண்டவே வேண்டாம்.)

ஆ. ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்து, வஞ்சிரத்தோடு வந்து எனக்கு நன்றி சொல்கிறாள். (எனக்கா?)

இ. அவளுக்கு மூன்று முறை போன் அடித்தாயிற்று. எடுக்கவில்லை. இதற்கு மேல் எனக்கு…

"மீனேய்! சங்கரா, கடம்பா, மீனேய்!"

வந்துவிட்டாள்! ஜன்னல் வழியே பார்க்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஆனால் நிற்கிறாள். கெசியா அதற்குள் கீழே ஓடி ஒரு ஆட்டோவை மறித்துவிட்டாள். சண்டை இங்கேவரை கேட்கிறது.

"இன்னாம்மா பேஜார் பண்ற? கூட நெறய மீன் கீது. வித்துட்டு வரேன், தலதான கொஞ்சம் சுத்துது."

"கூடையோட நானே எடுத்துக்கறேன்!" என்று ஜன்னலில் கத்திவிட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். "கதைக்கார சார் சொன்னா சர்தான்" என்று கூடையை இறக்குகிறாள். இன்னமும் என்னை நம்புகிறாள்.

ஆட்டோ கிளம்புமுன் நான் சொல்லியாக வேண்டும். கதைக்கு மூன்று தொடக்கம் கிடைத்தது, இதற்கு ஒன்றுகூட வரவில்லை. 'முத்தாலம்மா, அந்த மஞ்சள் மாத்திரை எனக்கு ஆகாதுன்னு டாக்டர் நிறுத்தினது. தெரிஞ்சேதான் உங்களுக்கு…'

மீதி வரியை நீங்கள் எழுதி வையுங்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கிக்கொண்டிருக்கிறேன்.