நாலாம் மேசைத் தர்க்கம்

2009 ஐப்பசியில், பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் இருக்கும் இரத்தினத்தின் சாப்பாட்டுக் கடைக்கு, இறந்து இருநூறு வருடத்துக்கு மேலான இரண்டு பேர் மதிய நேரத்தில் வந்து, நாலாம் மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து பாலில்லாத பிளேன்ரீ கேட்டார்கள். அன்று தொடக்கம் கடை திறந்த நாட்களில் அவர்கள் வரத் தவறவில்லை. காரணம் மேசைதான். பழைய சாமான் சந்தையில் இரத்தினம் வாங்கிய அந்த மேசையின் பலகை மகோகனி. அந்த மரம் கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் சீனிக்காக வைத்திருந்த சென்-தொமாங் தீவில் வளர்ந்தது. அதை வெட்டுவித்தவர் தெலோர்ம் என்ற கரும்புத் தோட்டத் துரை. வெட்டியவர் அவருடைய அடிமை அந்துவான். மகோகனி இறுக்கமான மரம், ஈரத்தையோ பூச்சியையோ உள்ளே விடாது. தன் அடியில் நின்று பேசியவர்களின் பேச்சை வெளியேயும் விடாது. கடையின் சோற்றுப்பானை ஆவி பட்டுப் பட்டு நார் இளகியபோது முதலில் பேச்சு கசிந்தது, பேச்சைத் தொடர்ந்து பேசியவர்களும் வந்தார்கள்.

அவர்கள் பிரெஞ்சில் தர்க்கித்ததை, பாரிசில் பிறந்த இரத்தினத்தின் மகள் யசோதினி பரிமாறிக்கொண்டே தமிழில் சொல்வாள். சீனி எப்படி உண்டாகிறது என்பதை அந்துவான் விளக்கினார்: கரும்புச்சாற்றைப் பெரிய செப்புக் கிடாரத்தில் தொடங்கி, வரிசையாகச் சிறிய கிடாரங்களுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்ச வேண்டும்; கடைசிக் கிடாரத்தில் பாகு பொங்கினால் நிற்பவனின் கை போகும். கை போனால் வேறு கை வாங்கினார்கள், அதனால் தோட்டத்தைக் கொளுத்தினோம் என்றார். தெலோர்ம் சத்தம் போடுபவரல்லர். விடுதலை நல்ல விஷயம்தான், ஆனால் படிப்படியாக வரவேண்டும், முதலில் அவர்களைப் பழக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வருட வைகாசியில் இலங்கையில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு, தமிழ்க் கடைகள் நிறைந்த அந்த லா சப்பல் பகுதியில் யாரும் விடுதலை என்ற சொல்லை உரத்துச் சொல்லாமல் இருந்தார்கள். நாலாம் மேசை அதற்கு ஒரு வழி திறந்துவிட்டது. "படிப்படியாவோ? படிக்கட்டையும் நாங்கள்தானே உமக்குக் கட்டித் தந்தனாங்கள்!" என்று ஆட்கள் துரையைப் பார்த்துக் கத்தினார்கள். எல்லோரும் அந்துவான் பக்கம். எல்லோரையும்விட உரத்துக் கத்தியவர் இரத்தினம்.

அந்தக் கூட்டத்தில் தவரத்தினமும் இருப்பார். குளிர்பெட்டி திருத்துகிறவர். இருபது வருடத்துக்கு முன்பு அவரும் இரத்தினமும் ஒரே லொறிக்குள் ஒளிந்து, ஒரே போத்தலில் தண்ணீர் குடித்து எல்லை கடந்தவர்கள். பாரிசில் இறங்கிய பிறகுதான் "ஊரிலை எவடம்?" என்று இரத்தினம் கேட்டார். யாழ்ப்பாணத்தில் அது ஊரின் பெயரோடு நிற்கிற கேள்வியல்ல. எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது. கடை திறந்தபோது தவரத்தினத்துக்கு மட்டும் தேத்தண்ணீர் கடதாசிக் கோப்பையில் போனது. மாமா மெத்ரோ பிடிக்க அவசரமாகப் போகிறவர், கையோடு கொண்டுபோக வசதி என்று மகளுக்குச் சொல்லியிருந்தார். நாளடைவில் இரத்தினமே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

தெலோர்ம் நம்பவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் அவர் தர்க்கத்தை நிறுத்தி, கடதாசிக் கோப்பையைப் பார்த்து, பிறகு இரத்தினத்தைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு தலைகுனிந்து ஏதோ சொன்னார். யசோதினி வழக்கம்போல உரத்து மொழிபெயர்த்தாள்.

"அப்பா, தன்ரை வீட்டிலையும் ரெண்டு விதக் கோப்பை இருந்ததாம். அதுதான் ஒழுங்காம். இந்தக் கடையிலை தன்னை விளங்கின ஆள் நீங்கள் ஒராள்தானாம்." அவள் நிமிர்ந்தாள். "ஏன் அப்பிடிச் சொல்லுறார்?"

"நான் சொல்லுறன் பிள்ளை," என்றார் தவரத்தினம். "நான் மெத்ரோவுக்கு ஓடுறனாம். என்ரை வீடு இந்தக் கடைக்கு மேலை கிடக்கு. மூண்டாம் மாடிக்கு எந்த மெத்ரோ போகுது?"

அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை, அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. அந்துவான் தன் பீங்கான் கோப்பையைத் தள்ளிவைத்து, தனக்கும் கடதாசிக் கோப்பைதான் வேண்டும் என்றார். தெலோர்ம் மட்டும் இரத்தினத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். அந்த மரியாதை இரத்தினத்தின் முதுகில் பல்லிபோல ஊர்ந்தது. தொழில் குறையவில்லை, ஆனால் மேல்மாடியில் தவரத்தினம் நடக்கும் சத்தம் மூன்று தட்டுகளையும் தாண்டிச் சோற்றுப்பானைக்குள் கேட்டது.

சனிக்கிழமை இரத்தினம் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றி, சோசரால் மூடி, படியேறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"தவம், கொண்டந்திருக்கிறன்."

தவரத்தினம் கோப்பையைப் பார்த்தார். "கோப்பை மாத்தினால் சரியோ, அண்ணை? ஒரு நாளாவது இந்தக் கதவாலை உள்ளுக்கு வந்தனியளோ?"

இரத்தினம் வந்ததில்லை. வேலை, படி, முழங்கால் என்று இருபது வருடமும் ஒவ்வொரு காரணம் இருந்தது.

"அதை அதிலை வையுங்கோ. நான் போடுறன், நீங்கள் குடியுங்கோ."

இரத்தினம் உள்ளே போனார். கதிரையில் இருந்த துவாயைத் தவரத்தினம் எடுத்துப் போட, உட்கார்ந்தார். தேத்தண்ணீர் கடுஞ்சாயம், சீனி அள்ளிப் போட்டது. முழுவதையும் குடித்தார்.

"எப்பிடி?"

"சீனிப் பாணிபோலை கிடக்கு. நீ தேத்தண்ணி போடப் படிக்கேல்லை."

"ஓம், உங்கடை கடையிலை பழகின ஆள்தானே," என்றார் தவரத்தினம். லொறிக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை தவரத்தினம் இறங்கி வந்தார். கடையில் இடமில்லை, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நாலாம் மேசையில், துரைக்குப் பக்கத்தில் போட்டார். துரை அசையவில்லை. இரத்தினம் பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து, துரையிடம், "கொஞ்சம் தள்ளி அரக்கி இரும்," என்றார். யசோதினி அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, துரை நகர்ந்து இடம் விட்டார். கடதாசிக் கோப்பைகள் அதற்குப் பிறகு வாங்கப்படவில்லை. கொண்டுபோக விரும்புகிறவர்கள் பிளாஸ்க் கொண்டுவந்தார்கள்.

இப்போது கடையை யசோதினி நடத்துகிறாள். நாலாம் மேசை மூன்று பேர் மேசை. தவரத்தினம் குளிர்பெட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தர்க்கத்தில் முழுநேரமாக இறங்கிவிட்டார். தெலோர்ம் தன் கட்சியை இன்னும் விடவில்லை. ஆனால் இடம் நெருக்கம் என்பதால் முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டே பேசுகிறார்.