சிட்டு போகும் வரை

"மத்தியானம் போனவங்க வெயில் தாழுற வரைக்கும் அங்க என்னதான் பண்ணினாங்க? அண்ணியைக் கேளுங்க!" என்று சித்தப்பா கூடத்தில் இரைந்துகொண்டிருந்தார். அவருக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

உள்ளறையில் மகள் அப்பாவின் கேமராவைக் குடைந்துகொண்டிருந்தாள். சட்டம் போட்டு வைக்க அப்பாவின் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கண்ணில் பட்ட குருவியை எல்லாம் எடுத்த மனிதர்.

நேற்று ஆற்றோரப் புதரில், சிட்டின் கூட்டுக்கு எதிரே, மறைந்திருந்து படமெடுக்கிற துணிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. சாப்பாடு கொண்டுபோன அம்மாதான் பார்த்தாள். ஆனால் சாயங்காலம்தான் போன் செய்தாள். உடனே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று மகளுக்கும் மனசு அரித்துக்கொண்டேயிருந்தது.

கேமராவைத் தானாகவே விட்டு விட்டு எடுக்கும்படி வைத்திருந்தார். மகள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். புழுவோடு சிட்டு. வாயைப் பிளந்த குஞ்சுகள். மறுபடி சிட்டு. எந்தப் படம் வரைக்கும் அப்பா உயிரோடு இருந்தார் என்று தெரியவில்லை.

அடுத்ததில் அம்மா. கையில் சாப்பாட்டுப் பை, கூடாரத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

அதற்கப்புறமும் சிட்டுதான். வெளிச்சம் மஞ்சளாகும் வரை சிட்டு வந்து வந்து ஊட்டியிருந்தது. அம்மா உள்ளே இருந்திருக்கிறாள்.

"அம்மா..."

சுவரோரம் சுருண்டிருந்த அம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"தொட்டுப் பார்த்தேன்டி. கை விறைச்சுப் போயிருந்துச்சு. கத்த வாயெடுத்தேன், அது ஊட்ட வந்துடுச்சு. அந்த நேரத்துல அசைஞ்சா கூட்டையே விட்டுட்டுப் போயிடும்னு எத்தனை வாட்டி என்னைத் திட்டியிருக்கார். சரி, அது போகட்டும்னு இருந்தேன். போச்சு. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்பி வந்துடுச்சு. மறுபடி போச்சு, மறுபடி வந்துச்சு..."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தப்பா வாசற்படியில் வந்து நின்றார். "ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல சித்தப்பா. எல்லாம் குருவிதான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். கேமராத் திரை தானாக அணைந்தது. அம்மா விரலை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். சிட்டு வந்தது. அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.